இடது பக்கத்து சீட்டு யாருக்கு?

(போடிநாயக்கனூரில் லாரித் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! தாய்மார்களே!

லாரித் தொழிலாளர் கூட்டம் என்றால் வழக்கமாக ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். இன்றைக்குத் தாய்மார்களும் சரிபாதியாக வந்திருக்கிறீர்கள். அதிலும் பலர் டிரைவரின் மனைவி என்ற முறையில் மட்டும் வரவில்லை. லாரியில் ஏறி, கணவனோடு ஊர் ஊராகப் போய்வருகிறவர்கள் என்ற முறையிலும் வந்திருக்கிறீர்கள். ஆகவே இந்தக் கூட்டத்தில் பேட்டாவைப் பற்றியும் டோல்கேட்டைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டுக் கலைந்துபோனால் அது நியாயமாகாது. லாரியின் கேபினில், டிரைவருக்கு இடது கைப் பக்கம் ஒரு சீட்டு இருக்கிறதே, அதைப் பற்றி இன்று பேசுவோம். அந்தச் சீட்டு யாருக்கு உரியது? அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

மலையிலிருந்து சுமை இறங்கிய கதை

நம்முடைய ஊர் மலையடிவாரத்து ஊர். மலையில் விளைவது கீழே இறங்க வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு வேண்டியது மேலே ஏற வேண்டும். இந்த ஏற்றமும் இறக்கமும்தான் போடிக்குப் பிழைப்பு.

நூறு வருஷத்துக்கு முந்திய நிலைமையைப் பாருங்கள். 1902-ல் மூணாறு பக்கத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் போட்டார்கள். தேயிலை அதில் ஏறி டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கியது. அப்புறம் மாட்டு வண்டியில் போடிக்கு வந்து சேர்ந்தது. 1924-ம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தக் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. 2010 டிசம்பர் முடிவில் அகலப் பாதை வேலைக்காக அந்த ரயிலையும் நிறுத்தினார்கள். திரும்பப் போடிக்கு ரயில் வர 2023 ஜூன் மாதம் ஆயிற்று. நடுவில் போன பன்னிரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் இந்த வட்டாரத்துக்குச் சரக்கைக் கொண்டுவந்து சேர்த்ததும் கொண்டுபோனதும் யார்? லாரிகள்தான், லாரிகளை ஓட்டிய நாம்தான்.

இன்றைக்கும் முந்தலைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தொடுகிற வழிக்கு மாற்று கிடையாது. ரயில் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. கட்டடம் கட்டக் கம்பி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு இயந்திரம், தண்ணீர்க் குழாய், தகரம் எல்லாம் லாரியில்தான் மேலே போகின்றன. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கத்துக் காற்றாலைகளுக்கு வேண்டிய பெரிய பாகங்களும், பக்கப் பலகை இல்லாத திறந்த தட்டு வண்டிகளில்தான் வந்து இறங்கின.

திறந்த தட்டு வண்டி ஓட்டுகிறவனுடைய கஷ்டம் மூடிய வண்டி ஓட்டுகிறவனுக்கு இல்லை. மூடிய வண்டியில் கதவைச் சாத்திப் பூட்டினால் முடிந்தது. தட்டு வண்டியில் சரக்கு வெயிலிலும் மழையிலும் நம் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. சங்கிலி தளர்ந்ததா, கயிறு நைந்ததா, தார்ப்பாய் கிழிந்ததா என்று ஐம்பது மைலுக்கு ஒரு தரம் இறங்கிப் பார்க்க வேண்டும். பிரேக் போட்டால் பின்னால் இருக்கிற இரும்பு முன்னால் வரப் பார்க்கும். கேபினுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான் இருக்கிறது. கம்பி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகக்கூடாது என்று 2014-ல் தடை வந்தது. நல்ல தடைதான், அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஏற்றுகிற இடத்தில் ஏற்றுகிறவர் வேறு ஒருவர். பிடிபட்டால் அபராதம் கட்டுவதும் பேச்சு வாங்குவதும் டிரைவர்!

இரண்டு பேர் ஒருவரான விதம்

இந்த வேலையை ஓர் ஆளால் செய்ய முடியுமா? முடியாது என்பது சர்க்காருக்கே தெரிந்திருந்தது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90-வது விதி என்று ஒன்று உண்டு. நேஷனல் பர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் காலை நீட்டிப் படுத்துத் தூங்க டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பழைய காலத்து உப்பு வணிகர்களான உமணர்கள், தூரதேசம் போகும்போது வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி எடுத்துப் போவார்களாம். சங்க நூல்கள் அதைச் சொல்கின்றன. மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்ற யோசனை அவர்களுக்கு இருந்தது. வண்டி அச்சுக்கு இருக்கிற அந்த யோசனை, மனித உடம்புக்கும் வேண்டும் அல்லவா?

2018-ல் என்ன நடந்தது? இரண்டு டிரைவர் வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஜூலை மாதம், லாரி ஏற்றக்கூடிய எடையை உயர்த்தினார்கள். இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆயிற்று. மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. ஒரே வருஷத்தில் பாரம் ஏறியது, ஆள் இறங்கினான். பாரத்தை ஏற்றியதற்குச் சரக்குப் போக்குவரத்துச் செலவு குறையும் என்று காரணம் சொன்னார்கள். வாஸ்தவம்தான், குறைந்தது. யாருடைய முதுகில் குறைந்தது என்றுதான் கேட்கிறோம்.

சட்டப்படி இரண்டாவது டிரைவர் போனார். அதற்கு முன்பிருந்தே வாடகை கட்டுப்படவில்லை என்று கிளீனரும் போய்க்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கிளீனராக ஏறுகிறவன் நாலைந்து வருஷத்தில் டிரைவராக இறங்குவான். அதுதான் நம் தொழிலின் பள்ளிக்கூடம். இன்று அந்தப் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. டிரைவர் பற்றாக்குறை என்று முதலாளிமார்கள் புலம்புகிறார்கள். கிளீனரை நிறுத்தினால் டிரைவர் எங்கிருந்து முளைப்பான்?

இடது பக்கத்து சீட்டு இப்படித்தான் காலியாயிற்று. காலியான சீட்டில்தான் நம் வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் செய்வது என்ன வேலை?

"சும்மா கூட வருகிறாள்" என்கிறோம். நாமே அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு நடையைக் கணக்கெடுத்துப் பார்ப்போம்.

சேலத்தில் கம்பி ஏற்றுகிறோம் என்று வையுங்கள். நாமக்கல், கரூர், திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி வழியாகப் போடி. அப்புறம் மலை. ஏற்றும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுப்பது யார்? அவள். தார்ப்பாயின் அந்தப் பக்கத்தைப் பிடிப்பது? அவள். ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவருக்குக் கண் சொருகும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது? அவள். வண்டியை ஓரங்கட்டினால் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு பொங்குவது? அவள். டிரைவர் இரண்டு மணி நேரம் கண் மூடும்போது டீசலையும் ஸ்டெப்னியையும் பேட்டரியையும் எவனும் கழற்றாமல் விழித்திருப்பது? அவள். செல்போனில் வருகிற பில்லையும் ரசீதையும் பார்த்து வைப்பது? எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் அதுவும் அவளே.

முந்தல் தாண்டி மலை ஏறுகிறோம். கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் வண்டி திரும்பாது. நிறுத்திப் பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டும். டிரைவருக்கு இடது பக்கம் பள்ளமா, பாறையா, எதிரே வருகிற ஜீப்பா என்று தெரியாது. "வரலாம், வரலாம், நிறுத்து" என்று சொல்வது அவள். வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவதும் அவள்தான். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது நம் தொழிலின் பாலபாடம். நியூட்ரலில் போட்டு டீசலை மிச்சம் பிடிக்க நினைத்தவன் வீடு திரும்புவதில்லை. தூக்கக் கலக்கத்தில் டிரைவர் கை தவறும்போது அந்தப் பாடத்தை ஞாபகப்படுத்துகிறவளும் அவள்தான்.

தோழர்களே, இந்த வேலைகளுக்கெல்லாம் முன்பு ஒரு பெயர் இருந்தது. கிளீனர் வேலை என்று பெயர். கூலி இருந்தது, பேட்டா இருந்தது. வேலை அப்படியேதான் இருக்கிறது. செய்கிற ஆள் மாறியதும் கூலி மறைந்துவிட்டது! மனைவி செய்தால் அது வேலையல்ல, பாசம் என்று ஆகிவிட்டது. பாசம் உண்மைதான், அதை யார் மறுக்கிறார்கள்? ஆனால் அந்தப் பாசத்தைக் காட்டி ஓர் ஆள் சம்பளம் மிச்சம் பிடிக்கப்படுகிறதே, அதைத்தான் மறுக்கிறோம்.

ஏன் வருகிறார்கள்?

"பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு லாரி ஓட்டுகிறான் பார்" என்று டீக்கடையில் கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லிவிடுவோம்.

இருபது நாள், ஒரு மாதம் வீட்டைப் பார்க்காத மனிதன், வீட்டையே தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? டிரைவருக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது நம் ஊர்ப் பேச்சு. கொடுத்த பெண்ணும் புருஷன் முகத்தை மாதத்துக்கு இரண்டு நாள் பார்த்தால் அது என்ன குடித்தனம்? தொண்ணூறுகளில் நெடுஞ்சாலை நெடுக எய்ட்ஸ் பிரசாரம் நடந்தது. நோய்த் தடுப்பு அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாளில் லாரி டிரைவர் என்றாலே நோயைச் சுமந்து திரிகிறவன் என்று ஊர் பார்த்தது. மனிதனைக் குடும்பத்திலிருந்து மாதக்கணக்கில் பிரித்து வைக்கிற வேலைமுறையைப் பற்றி மட்டும் யாரும் பிரசாரம் செய்யவில்லை.

இன்னொரு காரணம் வயிறு. ஓட்டல் சாப்பாட்டுக்குப் பேட்டா போதவில்லை. கேபினில் சமைத்தால் உடம்புக்கும் நல்லது, நாலு காசும் மிஞ்சும். இன்னொரு காரணம் உயிர். 2020-ல் ஒரு தொண்டு நிறுவனம் நாட்டின் பல நகரங்களில் லாரி டிரைவர்களைச் சந்தித்து ஆய்வு வெளியிட்டது. டிரைவர் ஒருவர் சராசரியாக நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டுகிறார், ஏறக்குறையப் பாதிப் பேர் களைப்பும் தூக்கமும் வந்தபோதும் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. 2022-ல் இந்த நாட்டின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை சொல்கிறது. புருஷன் தூங்கிவிடக்கூடாதே என்ற பயத்தில்தான் பல பெண்கள் வண்டி ஏறுகிறார்கள். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஏறுகிறார்கள்.

அவர்களுக்கு வழியில் என்ன வசதி இருக்கிறது? தாய்மார்களே, நீங்கள்தான் சொல்ல வேண்டும். குளிக்க மறைவிடம் கிடையாது. இருட்டும் வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வருகிறீர்கள். மாதவிலக்கு நாளில் படுகிற பாட்டைச் சொல்லி மாளாது. தொழிற்சாலை வாசலிலும் துறைமுக வாசலிலும் "பெண்பிள்ளைக்கு உள்ளே அனுமதி இல்லை" என்று இறக்கிவிடுகிறார்கள். வண்டி உள்ளே போய் வெளியே வர ஒரு ராத்திரி ஆகும். அந்த ராத்திரி முழுதும் வாசலில், தெருவிளக்கின் கீழே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சட்டத்தின் கண்ணில் அவள் யார்?

இதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான இடம். கவனமாகக் கேளுங்கள்.

அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு விபத்தில் ஏதாவது நேர்ந்தால் என்ன ஆகும்? அவர் டிரைவரோ கிளீனரோ ஆக இருந்தால், வண்டிக்காரரின் வேலையாள். சரக்கு வண்டியில் வருகிற வேலையாளுக்கு இன்ஷ்யூரன்ஸ் உண்டு. வேலையில் சாவோ காயமோ ஏற்பட்டால் நஷ்டஈடு கொடுக்க 1923-லேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இப்போது 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும், வேலையாளுக்கு நஷ்டஈடு என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

அவர் சரக்கின் சொந்தக்காரர், அல்லது சரக்குக்காரர் அனுப்பிய ஆள் என்றால் அவருக்கும் உண்டு. 1994-ல் சட்டத்தைத் திருத்தி அவர்களைச் சேர்த்தார்கள்.

மனைவி என்றால்? அவள் டிரைவர் அல்ல. கிளீனர் என்று எந்த நோட்டிலும் பெயர் இல்லை. சரக்கும் அவளுடையது அல்ல. சட்டத்தின் கண்ணில் அவள், சரக்கு வண்டியில் காசு கொடுக்காமல் வந்த பயணி. சரக்கு வண்டியில் வந்த பயணிக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, சரக்கு வண்டியில் இலவசமாக வரும் பயணி நீங்கலாக என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

ஆக, வண்டியில் ஏற்றிய கம்பிக்கு இன்ஷ்யூரன்ஸ் உண்டு. வண்டிக்கு உண்டு. டிரைவருக்கு உண்டு. அந்தக் கம்பியைக் கட்டக் கயிறு இழுத்தவளுக்கு மட்டும் இல்லை! ராத்திரி முழுவதும் விழித்திருந்து அந்த வண்டியையும் சரக்கையும் காப்பாற்றியவள் 'இலவசப் பயணி'யாம்! யார் யாருக்கு இலவசமாக உழைத்தார்கள் என்று சட்டத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

வேலை நேரத்துக்கும் சட்டம் இருந்தது. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. தூர வழியானால் அனுமதியோடு 10 மணி வரை போகலாம் என்றது. ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்றது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்க்கிற நம்மில் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. அதை நமக்கு எட்டும்படி இறக்கியிருக்க வேண்டும். செய்தது என்ன? 2020-ல் பதின்மூன்று சட்டங்களை ஒன்றாக்கிப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1961-ம் ஆண்டுச் சட்டமும் அதில் கரைந்தது. 2025 நவம்பர் 21-ல் அது அமலுக்கு வந்தது. ஐந்து என்று இருந்தது பத்து ஆகிவிட்டது! எட்டாத கிளையை இன்னும் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டார்கள்.

பிற நாடுகளில் எப்படி?

வேறு நாடுகளில் மனைவி கூடப் போவதில்லையா? போகிறார்கள். அமெரிக்காவில் கணவனும் மனைவியும் இருவருமே டிரைவர் லைசென்ஸ் வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுகிற ஜோடிகள் அநேகம். ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்குகிறார். இரண்டு பேருக்கும் சம்பளம். ஓட்டத் தெரியாதவர் சும்மா கூட வருவதானால், கம்பெனி அவர் பெயரையும், எங்கிருந்து எங்கே வருகிறார், எந்தத் தேதி வரை என்பதையும் எழுதி அனுமதி தர வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. அமெரிக்கா தொழிலாளரின் சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேபினில் இருக்கிற மனிதருக்குக் காகிதத்தில் ஒரு பெயராவது உண்டு.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி. வாராந்தர 45 மணி நேர முழு ஓய்வை வண்டிக்குள் கழிக்கக் கூடாது, படுக்க முறையான இடம் கொடுக்க வேண்டும். 2020-ல் வந்த விதிப்படி, டிரைவர் நாலு வாரத்துக்கு ஒரு தரமாவது வீட்டுக்குப் போய்வரும்படி முதலாளி வேலையை அமைக்க வேண்டும். அங்கேயும் போராடித்தான் வாங்கினார்கள். லாரியும் ரோடும் தூக்கமும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மனித உடம்பு சேலத்துக்கு ஒரு மாதிரியும் ஜெர்மனிக்கு ஒரு மாதிரியும் படைக்கப்படவில்லை.

நம் நாட்டிலும் சிலது நடந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு ஆயிரம் ஓய்வு இல்லங்கள் கட்டுவதாக 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். நல்லது. ஆனால் குளிர்ந்த காற்று தூக்கத்துக்கு ஈடாகுமா? ஓய்வு இல்லத்தில் டிரைவருக்குக் கட்டில் போட்டால், கூட வந்தவள் எங்கே படுப்பாள் என்று யாராவது யோசித்தார்களா?

சிறு முதலாளியின் கணக்கு

ஒற்றை லாரி வைத்திருப்பவரைக் கேட்டால் கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டுவார். மாதத் தவணை, டீசல், டயர், டோல்கேட், இன்ஷ்யூரன்ஸ், வழியில் கொடுக்கிற மாமூல். "இதில் கிளீனருக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பேன்?" என்பார். அவரும் ஒரு காலத்தில் டிரைவராக இருந்தவர்தான். அவர் சொல்வதில் பொய் இல்லை. அவரைப் பகைத்துக்கொண்டு நாம் எதையும் சாதிக்கப் போவதில்லை.

வாடகையை நிர்ணயிப்பவர் அவர் அல்ல. சரக்கை அனுப்புகிற பெரிய கம்பெனியும் நடுவில் இருக்கிற புக்கிங் ஆபீசும் பேசி முடித்து, மிச்சத்தைத்தான் அவர் கையில் வைக்கிறார்கள். மிச்சத்தில் அவர் ஓர் ஆளைக் குறைக்கிறார். குறைந்த ஆளின் இடத்தை நம் வீட்டுப் பெண் நிரப்புகிறாள். ஆக, பெரிய கம்பெனியின் லாபத்துக்கு, அந்தக் கம்பெனியின் வாசலில் அனுமதிகூட இல்லாத பெண், கூலியில்லாமல் உழைக்கிறாள். இதுதான் முழுக் கணக்கு. இரண்டாவது ஆளின் கூலி வாடகையிலேயே சேர்ந்து வர வேண்டும். அந்தக் கோரிக்கையில் சிறு லாரிக்காரரும் நம்மோடு நிற்க முடியும், நிற்க வேண்டும்.

நாம் கேட்பது

ஒன்று: ராத்திரி ஓட்டத்துக்கும் மலை வழிக்கும், தூர வழிக்கும், சம்பளத்தோடு கூடிய இரண்டாவது ஆள் கட்டாயம் என்று 2018-ல் எடுத்த விதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இரண்டு: மனைவி அந்த வேலையைச் செய்வதானால் அவள் பெயரை வேலையாள் என்று எழுத வேண்டும். சம்பளம், பேட்டா கொடுக்க வேண்டும். பாலிசியில் அவளுக்கும் பிரீமியம் கட்ட வேண்டும். வேலை செய்யாமல் வெறுமனே கூட வந்தாலும், பெயர் எழுதி, இன்ஷ்யூரன்ஸோடு அனுமதி தர வேண்டும்.

மூன்று: வேலை நேரச் சட்டம் பத்துப் பேருக்கு என்பது போய், முதல் தொழிலாளியிலிருந்தே செல்ல வேண்டும்.

நான்கு: மலை ஏறுமுன் முந்தலிலும், தேனி, திண்டுக்கல் போன்ற இடங்களிலும் லாரி நிறுத்தும் இடம், பெண்களுக்குக் கதவுள்ள குளியலறை, கழிப்பறை, குடும்பத்தோடு படுக்க அறை வேண்டும்.

ஐந்து: சரக்கு ஏற்றும் இடங்களின் வாசலில் கூட வந்தவர்களுக்கு உட்கார, படுக்க, பாதுகாப்பான இடம் வேண்டும்.

இதில் எது அதிகப்படி? எது நடக்க முடியாதது?

நாமே செய்ய வேண்டியது

கேட்டது கிடைக்கும் வரை சும்மா இருப்பதா? நாளைக் காலையிலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

வண்டியின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். எத்தனை வேலையாட்களுக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறது என்று அதில் போட்டிருக்கும். டிரைவருக்கு மட்டும் இருந்தால், இன்னொருவரையும் சேர்க்கும்படி வண்டிக்காரரிடம் பேசுங்கள். ஒரு ஆளுக்கு ஆகிற பிரீமியம் மலை போன்ற தொகையல்ல. சேர்த்துவிட்டுச் சம்பளப் பதிவில் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான்.

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்யாதவர்கள் உடனே பதிவு செய்யுங்கள். பதிவைப் புதுப்பிக்காதவர்கள் புதுப்பியுங்கள்.

சரக்கின் மேலோ, தட்டின் மேலோ ஒருபோதும் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் உட்கார வைக்காதீர்கள். இடம் கேபினில்தான். கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். மலையைக் காலையில் ஏறிக்கொள்ளலாம். போடிமெட்டு எங்கேயும் ஓடிப்போகாது.

வீட்டுப் பெண்களும் ஒரு காரியம் செய்ய வேண்டும். விருப்பமும் தெம்பும் உள்ளவர்கள் லைசென்ஸ் எடுங்கள். போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவனை இழந்தபின் பிள்ளைகளை வளர்க்க லாரி ஓட்ட வந்தார். நாடு முழுவதும் ஓட்டினார். ஸ்டியரிங்குக்கு ஆண் கை, பெண் கை என்ற வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று: லைசென்ஸ் எடுத்தபின் இரண்டு டிரைவர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டுங்கள். ஒரு சம்பளத்துக்கு இரண்டு டிரைவர் என்று ஆகிவிடக்கூடாது.

"இதெல்லாம் டில்லியின் காதில் ஏறுமா?" என்று சிலர் கேட்பீர்கள். 2024 ஜனவரி முதல் வாரத்தை மறந்துவிட்டீர்களா? விபத்து நடந்து டிரைவர் தகவல் சொல்லாமல் போனால் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டத்தில் 106-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வந்தது. வட மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார்கள். இரண்டே நாளில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. ஜனவரி 2-ம் தேதியே உள்துறை அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். 2024 ஜூலை 1-ல் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. பெரிய தலைவர் யாரும் அழைக்கவில்லை. பயம் ஒன்றுபடுத்தியது. பயத்தால் இரண்டு நாள் ஒன்றுபட முடிந்தவர்கள், நியாயத்துக்காக நிரந்தரமாக ஒன்றுபட முடியாதா?

தோழர்களே! புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் போவதை நாம் தடுக்கவில்லை. சேர்ந்து போகட்டும், சிரித்துப் பேசிக்கொண்டு போகட்டும். ஆனால் விருப்பத்தால் போக வேண்டும், நிர்ப்பந்தத்தால் போகக்கூடாது. அந்தச் சீட்டில் கூலியோடு ஓர் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், இருக்கிறவளை ஆள் என்று எழுத வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும். இந்தக் கோரிக்கையோடு தேனியிலும் கம்பத்திலும் உசிலம்பட்டியிலும் உள்ள நம் தோழர்களைச் சந்திப்போம். ஒவ்வொரு லாரி நிறுத்தத்திலும் இதைப் பேசுவோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றே பெயர்ப் பட்டியல் எழுத ஆரம்பியுங்கள். டிரைவர் பெயருக்குப் பக்கத்திலேயே, கூடப் போகிறவளின் பெயரையும் எழுதுங்கள்.